வெளியே போட்ட மேஜை

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானிலிருந்து போனில் கருப்பு சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"வாரோம்."

அந்த வார்த்தைக்காக விளாங்குடியில் ஒரு குடும்பம் நாலு வருஷம் காத்துக் கிடந்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருபாகரன் வாத்தியாரின் ஒரே மகள் ஐரினும், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கருப்புவின் மகன் தமிழ்மாறனும் நில அளவைத் துறையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓடிப்போய்த் தாலி கட்டுவதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். ரெண்டு அப்பாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

முதலில் மாட்டேன் என்றவர் நம் வாத்தியார்தான். மதம் என்றார், பங்குச்சாமியார் என்ன சொல்வாரோ என்றார். ஐரினுக்கு முப்பத்தொரு வயதானதும் இறங்கி வந்தார். அவர் இறங்கிய நேரம் பார்த்துக் கருப்பு ஏறிக்கொண்டார். "அன்னைக்கு வேணாம்னவக இன்னைக்கு எதுக்குக் கூப்பிடுறாக?" என்று ஒரு வருஷம் முகம் கொடுக்கவில்லை. இப்போதுதான் வருகிறார்.

வந்தால் மட்டும் போதாது. பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். இலையில் வைத்த சோற்றில் மாப்பிள்ளையின் அப்பா கை வைத்துவிட்டால் சம்மதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டால், அப்புறம் யார் போய்க் காலில் விழுந்தாலும் அந்தச் சம்பந்தம் கிடையாது. கிறிஸ்தவ வேதக்காரர் வீடானாலும் இந்த வழக்கத்துக்கு மட்டும் விலக்கு இல்லை.

ஆகவே இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே கிருபாகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாக்கியம், அந்த வெள்ளை மேஜை விரிப்பு எங்க?"

"எதுக்கு?" என்றாள் பாக்கியமேரி அடுப்படியிலிருந்து. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் கை நனைப்பு என்பதால் இன்று கறி, மீன் என்று கவிச்சி எதுவும் கிடையாது. பருப்பு, சாம்பார், அவியல், பாயசம்.

"வேப்பமரத்தடியில மேஜை போடச் சொல்லியிருக்கேன். சாமியானா கடைக்காரர் எட்டு மணிக்கு வந்துருவார். ஆறு நாற்காலி."

பாக்கியமேரி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வெளியிலயா? ஆவணி வெயில்ல, சம்பந்தக்காரங்கள வெளியில உக்கார வச்சா சோறு போடுறது?"

"அல் ஃப்ரெஸ்கோ!" என்றார் வாத்தியார் பெருமையாக.

முப்பத்தேழு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர். ஒரு சொல்லைக் கேட்டால் அது எந்த ஊரில் பிறந்தது, எப்போது இங்கிலீஷுக்குள் வந்தது என்று சொல்லாமல் விடமாட்டார். கல்யாண வீடு, சாவு வீடு என்ற வித்தியாசமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"அது என்ன கண்றாவி?"

"இத்தாலியன் வார்த்தை. வெளியில, மரத்தடியில, காத்தோட்டமா உக்காந்து சாப்பிடுறதுக்குப் பேரு. பெரிய மனுசங்க பழக்கம்."

"நம்ம வீட்டுல நல்ல ஹால் இருக்கு. சித்திரையிலதான் ஏசி மாட்டுனோம். அவங்க வர்றாங்கன்னுதானே சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சீங்க? அடிச்ச சுவத்தை யாருக்குக் காட்டப் போறீங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு வாத்தியாரிடம் நியாயமான பதில் இல்லை. எனவே ஒரு சின்னப் பொய் சொன்னார்.

"பெயிண்ட் இன்னும் காயலை பாக்கியம். அவங்க வெள்ளை வேட்டியில ஒட்டிக்கிட்டா அசிங்கம்."

பெயிண்ட் அடித்தது வியாழக்கிழமை. மதுரை வெயிலில் வெள்ளி மத்தியானமே காய்ந்துவிட்டது. பாக்கியமேரி அடுப்படியும் ஜெபமுமாக இருந்ததால் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. மனுஷன் சொன்னால் சரி என்று போய்விட்டாள். இப்படித்தான் அந்தப் பொய் அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

வாத்தியார் ஏன் வெளியில் மேஜை போட ஆசைப்பட்டார் என்பதை நான் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்லமாட்டார்.

அவருடைய அப்பா சவரிமுத்து, மிஷன் பங்களாவில் குசினிக்காரர். அயல்நாட்டுச் சாமியார்களுக்குச் சமைத்துப்போட்டவர். பெரிய விருந்தாளி யாராவது வந்தால் புல்தரையில் மேஜை போடுவார்கள். வெள்ளை விரிப்பு, கண்ணாடி டம்ளர், மேலே வேப்பமரம். எட்டு வயதுக் கிருபாகரன் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். ஒரு சாமியார்தான் அவனைக் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். அவன் படித்த முதல் வெளிநாட்டுச் சொல் அது. பெரியவனானதும் நம் வீட்டிலும் இப்படி ஒரு மேஜை போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

ஐரினிடம், "தாத்தா மிஷன் ஆபீஸ்ல கிளார்க்" என்றுதான் சொல்லி வளர்த்தார். உண்மை பாக்கியமேரிக்கு மட்டும் தெரியும்.

ஆக, இது அவமானப்படுத்தப் போட்ட மேஜை இல்லை. தனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையைத்தான் அந்த மனிதர் வேப்பமரத்தடியில் விரித்து வைத்தார்.

---

பதினொன்றரைக்குக் கார் வந்து நின்றது.

ஓட்டிக்கொண்டு வந்த தமிழ்மாறன் முதலில் இறங்கினான். பின்னால் அவன் அம்மா தங்கப்பொண்ணு, கை நிறைய மல்லிகைப் பூவோடு. கடைசியாகக் கருப்பு. ஒல்லியான, உயரமான மனிதர். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கட்டு. தன் கொடிக்காலில் விடியற்காலை தானே கிள்ளியது. தட்டு மாற்றும்போது கடை வெற்றிலை கூடாது என்று கொண்டுவந்திருக்கிறார். அதைப் பார்த்ததுமே கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

"வாரேன் சார்," என்றார் கருப்பு. சிரித்தார். நாலு வருஷத்தில் கிருபாகரன் பார்த்த முதல் சிரிப்பு.

"வாங்க மதினி," என்று பாக்கியமேரி தங்கப்பொண்ணுவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். "பிள்ளைக்கு நீங்களே பூ வச்சு விடுங்க."

தங்கப்பொண்ணு வாசற்படியில் நின்று, ஹால் சுவரில் ஒரு கையை ஊன்றிச் செருப்பைக் கழற்றி, காலைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கருப்பு செருப்பைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும் சம்பந்தி, கழட்டாதீங்க. நமக்கு இங்கதான்," என்று கிருபாகரன் வேப்பமரத்தடியைக் காட்டினார்.

கருப்பு திரும்பிப் பார்த்தார். மேஜை. வெள்ளை விரிப்பு. அதன்மேல் வரிசையாக ஆறு வாழையிலை. பீங்கான் தட்டு வைக்கத்தான் வாத்தியாருக்கு ஆசை. நல்ல காரியத்துக்கு இலைதான் என்று பாக்கியமேரி பிடிவாதம் பிடித்து இலை போட்டிருந்தாள்.

"இங்கயா?"

"இங்கதான். என்ன காத்து பாருங்க!"

கருப்பு அசையவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனதைத் தமிழ்மாறன் பார்த்துவிட்டான். "அப்பா..." என்று பக்கத்தில் வந்தான்.

வாத்தியாருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அவருக்குத் திறந்துகொள்ளும்.

"இதுக்கு 'அல் ஃப்ரெஸ்கோ'ன்னு பேரு சம்பந்தி. இத்தாலியன். 'ஃப்ரெஸ்கோ'ன்னா குளிர்ச்சி. குளிர்ந்த காத்துல உக்காந்து சாப்பிடுறது. நாம 'ஃப்ரெஷ்'ங்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே வேர். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துப் பிரபுக்கள் இத்தாலிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, தோட்டத்துல மேஜை போட்டுச் சாப்பிட்டு, அந்தப் பேரையும் வச்சுக்கிட்டாங்க. ஈரச் சுண்ணாம்புச் சுவத்துல படம் வரைவாங்க பாருங்க, அதுக்கும் இதே பேர்தான். வேடிக்கை என்னன்னா, இத்தாலிக்காரன் இன்னைக்கு 'அவன் குளிர்ச்சியில இருக்கான்'னு சொன்னா ஜெயில்ல இருக்கான்னு அர்த்தம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

கருப்பு வெற்றிலைக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எங்களுக்கு இதுக்குப் பேரெல்லாம் கிடையாது சார்."

"அப்பா, வேணாம்ப்பா," என்றான் தமிழ்மாறன்.

"இருப்பா. சார் அம்புட்டுச் சொன்னாருல்ல, நானும் சொல்லிக்கிறேன்." குரல் உயரவில்லை. "எனக்கு அப்ப ஒம்போது வயசு. பண்ணை வீட்டுல எங்கய்யாவுக்கு வேல. கூடமாட நானும் போவேன். மத்தியானம் தொழுவத்துக்குப் பின்னாடி கையால குழி பறிச்சு, குழியில எலையப் போட்டு உக்காரணும். எட்ட நின்னுதான் ஊத்துவாக. மழ பெஞ்சாலும் உள்ள வான்னு சொல்ல மாட்டாக. சோத்துல தண்ணி விழுகும். அப்படியே அள்ளித் திங்கணும். வெளியில தின்னதுக்கு இங்கிலீசுல இம்புட்டு அழகா ஒரு பேரு இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் சார் தெரியும்."



"கல்யாணம் முடிச்ச அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன்," என்றார் கருப்பு. "வெயிலு மழ படுற எடத்துல இனிமே எலைக்கு முன்னாடி உக்கார மாட்டேன்னு. சாமி கும்பிடுற எடத்துலகூட உக்காந்ததில்ல. வீடு கட்டும்போது மொத ரூமு சாப்பாட்டு ரூமுதான் கட்டுனேன். நீங்க அவமானப்படுத்தணும்னு செஞ்சீகன்னு நான் சொல்லல. நீங்களும் இங்கதான் உக்காருவீக, தெரியுது. எனக்கு முடியாது சார். தொண்டையில எறங்காது."

சத்தம் கேட்டு ஐரின் வெளியே வந்தாள். தலையில் அப்போதுதான் வைத்த பூ. அவளுக்குப் பின்னால் தங்கப்பொண்ணுவும் பாக்கியமேரியும்.

ஐரின் புத்திசாலி. ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். விறுவிறுவென்று மேஜைக்குப் போய், கருப்புக்குப் போட்டிருந்த இலையைத் தன் கையில் எடுத்தாள்.

"மாமா, உள்ள வாங்க. ரெண்டு நிமிசம், எல்லாத்தையும் ஹால்ல எடுத்து வச்சிர்றேன். எங்க தப்பு மாமா. வாங்க."

கருப்பு அவளைப் பார்த்தார். அந்தப் பெண் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற நிற்பு அவரை அசைத்துவிட்டது. குனிந்து ஒரு கால் செருப்பைக் கழற்றினார்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகையோடு முடிந்திருக்கும்.

வாத்தியார் விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. மனைவிக்கு முன்னால் காலையில் ஒன்று சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லை வகுப்பில் ஒருநாளும் திரும்பப் பெற்றுப் பழக்கமில்லாத வாய், மூளையைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"உள்ள எப்படிம்மா? சுவத்துல பெயிண்ட் காயலையே. அதனாலதானே வெளியில போட்டேன்!"

ஒரு நல்ல காரணம் சொல்லிவிட்டதாகத்தான் அந்த நிமிஷம்கூட அவர் நினைத்தார்.

கருப்பு குனிந்த நிலையிலேயே நின்றார்.

தங்கப்பொண்ணு, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதை எல்லோரும் பார்க்கும்படி மெல்லத் திருப்பினாள்.

"சுவத்துல கைய ஊனித்தான் செருப்பக் கழட்டுனேன். கையில ஒண்ணும் ஒட்டலையே," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் சொன்னாள். அந்தக் கை சுத்தமாக இருந்தது.

கருப்பு கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வெளியில போட்டதக்கூடப் பொறுத்துக்கிருவேன் சார். உள்ள வந்துரக்கூடாதுன்னு ஒரு பொய் சொன்னீக பாருங்க. அத நான் அந்தப் பண்ணை வீட்டுலகூடப் பாக்கல. அவுக நேராவே சொல்லிருவாக."

"சம்பந்தி... அப்படி இல்ல... நான்..."

"என்னங்க," என்றாள் பாக்கியமேரி. "உங்க கதைய அவர்ட்ட சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க."

கிருபாகரன் வாயைத் திறந்தார். மகள் இலையோடு நிற்கிறாள். 'தாத்தா கிளார்க்' என்று நம்பி வளர்ந்த மகள். வருங்கால மருமகன் நிற்கிறான். குசினிக்காரர் மகன் என்று எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கருப்பு நியாயமாகவே கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், "வா தங்கம்," என்றார். வெற்றிலைக் கட்டையும் எடுத்துக்கொண்டார்.

தமிழ்மாறன் ஐரினுக்கும் காருக்கும் நடுவில் நின்றான். "ஐரின்..." என்றான். அவள் தலையை ஆட்டினாள். போ என்று அர்த்தம். சத்தியம் சத்தியம்தானே. அவன் போய்க் காரை எடுத்தான்.

---

கார் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டது.

ஐரின் இலையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா கதைன்னு சொன்னியே. அது என்ன?"

பாக்கியமேரி சொல்லிவிட்டாள். பங்களா, குசினி, கதவுக்குப் பின்னால் நின்ற பையன். வாத்தியார் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார்.

"சாமியார்லாம் சாப்பிட்டு முடிச்சப்புறம் மிச்சம் இருக்கிறத அப்பாவும் பிள்ளையும் குசினிக்குப் பின்னாடி படியில உக்காந்து சாப்பிடுவாங்களாம். உங்க அப்பா எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவ. கல்யாணமான புதுசுல."

ஐரின் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத அவர்ட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"வாய் வரலைம்மா."

"இத்தாலியிலருந்து வார்த்தையெல்லாம் வந்துச்சு. இது மட்டும் வரல." மேஜையில் மூடி வைத்திருந்த பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்துத் தன் முன்னாலிருந்த இலையில் வைத்தாள். சாப்பிடவில்லை. "போய்ச் சொல்லுங்க. அவர் கை நனைக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"வெயிலும்மா..."

"காத்தோட்டமா இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

வாத்தியார் குடையைக்கூட எடுக்காமல் திண்டுக்கல் ரோட்டுக்கு நடந்தார்.

---

சமயநல்லூர் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். மேற்கே மேகம் கட்டியிருந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். இதில் எந்த ஊர்ச் சொல்லும் தேவையில்லை. எல்லாம் வீட்டில் பேசுகிற தமிழ்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் 'படி' என்ற இடத்தில் நின்றுபோனது.

சோழவந்தானில் இறங்கி, விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. கொடிக்காலை ஒட்டிய மாடி வீடு. வாசலில் தங்கப்பொண்ணு நின்றாள்.

"தம்பி இல்லீங்க," என்றாள் அவர் கேட்காமலே. "எங்கள எறக்கிவிட்டுட்டுப் போனவன்தான். போனும் அணைச்சிருக்கு. எங்க போனான்னு தெரியல."

உள்ளேயிருந்து கருப்பு வந்தார். வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். வியர்வை, புழுதி, கலைந்த தலை.

"உள்ள வாங்க."

"நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு..."

"சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"மொதல்ல சாப்பிடுங்க. பசியோட வந்தவகள வெளியில நிறுத்திப் பேசுற பழக்கம் எங்களுக்கு இல்ல."

சாப்பாட்டு அறை. உண்மையிலேயே வீட்டின் முதல் அறை அதுதான். நீளமான தேக்கு மேஜை, மேலே இரண்டு மின்விசிறி, சன்னல் எல்லாம் சாத்தி இருந்தது. தங்கப்பொண்ணு இலை போட்டுச் சோறு வைத்து, கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். கருப்பு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு இலை இல்லை.

வாத்தியாருக்கு நம்பிக்கை வந்தது. கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிற மனிதர் மனசு எப்படி மாறாமல் போகும்? ஒரு வாய் சாப்பிட்டார். சொல்லத் தொடங்கினார்.

இந்தத் தடவை நின்றுபோகவில்லை. அப்பா குசினிக்காரர் என்றார். கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னார். அந்த மேஜையைப் பார்த்து ஏங்கியதைச் சொன்னார். பின்பக்கப் படியைச் சொன்னார், மிச்சச் சோற்றைச் சொன்னார். அறுபது வருஷமாக மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன் என்றார். கண்ணீர் வந்து இலையில் விழுந்தது. துடைக்கவில்லை.

கருப்பு கடைசிவரை கேட்டார்.

"அந்தப் படிக்கு மேல கூரை இருந்துச்சா?"

"இல்ல."

"மழ பெஞ்சிருக்கா?"

"பெஞ்சிருக்கு."

"சோத்துல மழத்தண்ணி விழுந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

கருப்பு குனிந்து அவர் இலையை நேராக்கி வைத்தார்.

"கார்ல வாரப்ப இவகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன் சார். படிச்ச மனுசன், வசதியா வளந்தவரு, தெரியாமச் செஞ்சுட்டாரு. பதட்டத்துல ஒரு பொய்யும் வந்துருச்சு. ஒரு வாரம் போகட்டும், அந்தப் பிள்ளைக்காக நானே ஒரு தடவ போறேன்னு." நிமிர்ந்தார். "தெரிஞ்சிருந்துமா போட்டீக?"

கிருபாகரன் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"அந்தப் படிய மறந்துட்டு மேஜைய மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டீக. நான் அந்தக் குழிய ஒருநாளும் மறக்கல. நாளைக்கு என் பேரன் பேத்திக்கும் நீங்க 'கருப்பு தாத்தா ஜமீன்தாரு'ன்னு சொல்லித்தான் வளப்பீக. எனக்கு அது வேணாம்."

"சம்பந்தி..."

"அந்த வார்த்தை வேணாம் சார். சாப்பிடுங்க. எலையில மிச்சம் வைக்காதீக."

அதட்டலாகச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். வாத்தியார் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளமாக, கடைசிப் பருக்கை வரை. தங்கப்பொண்ணு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றியது கருப்புதான். வாசல் வரைக்கும் வந்தார்.

"எப்ப வந்தாலும் இந்த வீட்டுல ஒங்களுக்குச் சோறு உண்டு. கல்யாணப் பேச்சு மட்டும் வேணாம்."

---

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மேகம் உடைந்தது. நிழற்குடைக்குள் ஒதுங்கிப் போனை எடுத்தார். பாக்கியமேரியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பத்தாவது அப்போதே வந்தது.

"எங்க இருக்கீங்க? இங்க மழை ஊத்துது. இந்தப் பிள்ளை மேஜையை விட்டு எந்திரிக்க மாட்டேங்குறா. குடையை எடுத்துட்டுப் போனா தட்டிவிடுறா. இலையில வச்ச சோத்துல தண்ணி நிரம்பி நிக்குது. அதையே பாத்துக்கிட்டு இருக்கா."

"உள்ள கூட்டிட்டுப் போ பாக்கியம்."

"வரமாட்டேங்குறாளே! அப்பா என்ன சொல்லுறாருன்னு கேளு, அப்புறம் வாரேன்ங்குறா. அவர் என்ன சொன்னாரு? கை நனைக்க வாரேன்னாரா?"

வாத்தியார் தன் வலது கையைப் பார்த்தார். எவ்வளவு கழுவியும் குழம்பு வாசனை போகவில்லை. இன்றைக்கு அந்த இரண்டு குடும்பத்திலும் சம்பந்தி வீட்டில் கை நனைத்தவர் அவர் ஒருவர்தான்.

"பாக்கியம்..."

"இருங்க, அவகிட்டயே குடுக்கிறேன்."

போனில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. வாழையிலையில் விழுகிற மழை. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

"அப்பா," என்றாள் ஐரின். குளிரில் பல் தந்தியடித்தது. "சொன்னீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அவர் என்னப்பா சொன்னார்?"

மதுரை பஸ் வந்து நின்றது. நடத்துநர் இரண்டு தடவை விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஏறாமல் நின்ற அந்தப் பெரியவரைத் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் ஐரின். "நான் இங்கதான் இருக்கேன்."